மயில்கழுத்து நிற வண்டி

ஜனவரி 4, சனி

வண்டி வந்துவிட்டது. நாலு கதவு, பின்னால் திறந்த தொட்டி, வெள்ளை நிறம். பிக்கப் என்கிறார்கள். இதற்கு முன் வால்பாறைப் பக்கம் ஒரு விடுதிக்காரரிடம் இருந்ததாம்.

ஐம்பத்து நான்கு வயதில், இருபத்தாறு வருடம் பௌதிகம் நடத்திவிட்டு விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்ட மனிதன் இப்படியொரு வண்டியோடு வந்து நின்றதை உடுமலையில் எங்கள் தெரு முழுவதும் பார்த்தது. பார்க்கட்டும். துறைத்தலைவர் நாற்காலி சம்பத்துக்குப் போனபோதும் இதே தெருதான் பார்த்தது. சம்பத்தின் ஆய்வேட்டில் பிழை திருத்திக் கொடுத்தவன் நான். அவனுடைய நன்றியுரையில் என் பெயர், தட்டச்சு செய்துகொடுத்த பெண்ணுக்கும் கீழே இருக்கிறது.

கலாமணி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"எதுக்குங்க இத்தாச்சோட்டுப் பெரிய வண்டி?"

"தேங்காய் ஏற்ற."

"நம்ம நாப்பது மரத்துத் தேங்காய்க்கு உங்க ஸ்கூட்டரே பெருசு."

மனைவியிடம் எல்லாவற்றையும் விளக்க வேண்டும் என்று சட்டமில்லை. தொட்டியை அளந்தேன். நீளம் அறுபது அங்குலம், அகலம் ஐம்பத்தேழு. நம் வீட்டுப் பித்தளைத் தாம்பாளம் பதினோரு அங்குலம். வரிசைக்கு ஐந்தாக ஐந்து வரிசை வைக்கலாம். இருபத்தைந்து. இருபத்தொன்று போதும்.

ஜனவரி 5, ஞாயிறு

தங்கை பூங்கொடி வீட்டில் கல்யாண வேலை நடக்கிறதாம். பிப்ரவரி பத்தாம் தேதி. பால்காரர் சொன்னார். எனக்கென்ன?

ஜனவரி 9, வியாழன்

பொள்ளாச்சியில் அன்வர் என்பவரின் கடைக்குப் போனேன். வண்டிகளுக்கு நிறத்தாள் ஒட்டுவதும் கூடுதல் சாமான் மாட்டுவதும் அவர் தொழில். நாற்பது வயதிருக்கும். பேச்சில் நிதானம். என் வண்டியைச் சுற்றி வந்து, மருத்துவர் நாக்கை நீட்டச் சொல்வதுபோல் பானெட்டைத் திறக்கச் சொன்னார்.

"என்னங்க சார் பண்ணோணும்?"

"எல்லாம்."

"எல்லாம்னா?"

"பார்த்தவன் இரண்டாம் முறை திரும்பிப் பார்க்க வேண்டும்."

"மொதத் தடவையே பாத்துட்டே நிக்கற மாதிரி பண்ணிப்போடலாமுங்க."

இந்த மனிதரைப் பிடித்துப்போயிற்று. கல்லூரியில் இருபத்தாறு வருடத்தில் ஒருவரும் என்னிடம் இவ்வளவு தெளிவான வாக்குறுதி கொடுத்ததில்லை.

முடிவானவை: வண்டியை மூன்று அங்குலம் உயர்த்துவது. பெரிய டயர், கறுப்பு அலாய் சக்கரம். கேபினுக்குப் பின்னால் வளைந்த இரும்புச் சட்டம், அதன் உச்சியில் நீள விளக்கு. தொட்டியின் உள்பக்கம் முழுக்கக் கறுப்புப் பூச்சு. கழுவினால் ஒரு தூசி தங்கக்கூடாது. இதை மட்டும் நான்கு முறை சொன்னேன்.

"'புல் பார்' என்கிறார்களே, முன்னால் இரும்புத் தடுப்பு?" என்று நான் கேட்டதற்கு அன்வர் கையெடுத்துக் கும்பிட்டார். "அது வேண்டாமுங்க. போலீசு புடிச்சா நான் ஒளிஞ்சுக்குவேன், நீங்க எங்க ஒளிவீங்க?"

ஜனவரி 10, வெள்ளி

"நாளைக்குச் சனிக்கெழம வீட்ல இருங்க" என்றாள் கலாமணி. எதற்கு என்றேன். "சும்மாதான்" என்றாள். சும்மா இருக்க எனக்கு நேரமில்லை. நாளை நிறம் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஜனவரி 11, சனி

நிறம் தேர்ந்தெடுக்கவில்லை. முந்நூறு நிறம் இருக்கிறது. மாதிரித் துண்டுகளைச் சின்னதாக நறுக்கி ஒரு கட்டாகக் கொடுத்தார் அன்வர். எடுத்து வந்தேன்.

வீட்டுக்கு வந்தால் கூடத்து மேசையில் மூன்று காப்பி டம்ளர். யார் வந்தது என்றேன். "கேஸ் அடுப்பு ரிப்பேருக்கு வந்தாங்க" என்றாள். அடுப்பு ரிப்பேருக்கு மூன்று பேரா? வேலையில்லாத் திண்டாட்டம் தீர்ந்துவிட்டது போலும்.

ஜனவரி 14, செவ்வாய், பொங்கல்

கரும்பு, பொங்கல், கலாமணியின் அண்ணன்கள், எல்லாம் உண்டு. தங்கை வராத பொங்கல் இது ஒன்பதாவது.

இதை எழுதிவிடுவது நல்லது, யாரும் படிக்கப்போவதில்லை. ஒன்பது வருடத்துக்கு முன் பூங்கொடியின் மகள் நேத்ரா பெரியவளானதற்குத் திரட்டிச் சீர். பெரிய மண்டபம். தாய்மாமன் சீர் கொண்டுபோக வேண்டும். வாடகைக்குச் சொல்லியிருந்த வண்டிக்காரன் ஏமாற்றிவிட்டான். கடைசி நேரத்தில் கிடைத்தது கோழி ஏற்றும் டெம்போ. கழுவிக்கொண்டுதான் வந்தான். ஆனால் காற்று என்று ஒன்று இருக்கிறதே. மூலை முடுக்கில் ஒளிந்திருந்ததெல்லாம் பறந்து வந்து தட்டுகளில் உட்கார்ந்துவிட்டது. பட்டுப்பாவாடை மேல் இறகு, வெற்றிலை மேல் இறகு, என் மீசையில் ஒன்று. பூங்கொடியின் கணவர் நாச்சிமுத்து மாப்பிள்ளை கையில் மைக்கோடு நின்றிருந்தார். "மச்சான் சீர் வந்துருச்சு. முட்டையும் வருதான்னு பாருங்கப்பா!" என்றார்.

முந்நூறு பேர் சிரித்தார்கள். அது பரவாயில்லை. பூங்கொடியும் சிரித்தாள்.

தட்டுகளை இறக்கி வைத்துவிட்டு, சாப்பிடாமல் வந்துவிட்டேன். அன்றோடு சரி. அதற்கும் இந்த வண்டிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

ஜனவரி 17, வெள்ளி

கலாமணிக்கு நிறங்களில் இவ்வளவு ரசனை இருக்கும் என்று எனக்குத் தெரியாது. மாதிரித் துண்டுகளை வாங்கி, வாசல் வெயிலில் பரப்பி, கைப்பேசியில் படம் எடுத்தாள். பத்து நிமிடம் எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். பிறகு ஒன்றை உருவி நீட்டினாள்.

"இதுதான்."

ஒரு பக்கம் பார்த்தால் பச்சை. சாய்த்தால் நீலம். இன்னும் சாய்த்தால் ஊதா. கடைக்காரர்கள் அதற்கு ஏதோ நீளமான பெயர் சொல்கிறார்கள்.

"மயில்கழுத்துங்க" என்றாள் கலாமணி. "பட்டுல வருமே."

மெல்லிய படலத்தின் மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் பட்டுத் திரும்பும் ஒளியலைகள் ஒன்றையொன்று கூட்டியும் கழித்தும் நிறம் காட்டுகின்றன என்று விளக்கினேன். அவள் கைப்பேசியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். என் மாணவர்களும் இப்படித்தான்.

"ஞாயித்துக்கெழம காலைல வீட்ல இருப்பீங்கல்ல?"

"ஞாயிறு வண்டியின் பெயர் எழுத்தையெல்லாம் கழற்றுகிறார்கள். நான் இல்லாமல் எப்படி?"

ஜனவரி 19, ஞாயிறு

வண்டியைக் குளிப்பாட்டினார்கள். களிமண் மாதிரி ஒன்றைத் தேய்த்து உடம்பிலிருந்த அழுக்கை உருவினார்கள். எழுத்துகள், கைப்பிடி, கண்ணாடி, எல்லாம் கழன்றன. அப்படியே என் பழைய வாழ்க்கை மாதிரி வெளுத்து மொட்டையாக நின்றது. அன்வரிடம் சொன்னேன். "அப்படியெல்லாம் சொல்லாதீங்க சார். இப்பத்தான் பொண்ணு பாக்க வந்திருக்கோம்" என்றார்.

வீட்டில் மறுபடியும் மூன்று டம்ளர். கலாமணி அவற்றை என் முன்னாலேயே நங்கென்று கழுவப் போட்டாள்.

ஜனவரி 22, புதன்

ஒட்டத் தொடங்கிவிட்டார்கள்! இரண்டு பேர் ஒரு போர்வையைப் பிடிப்பதுபோல் பிடித்து, பானெட் மேல் மிதக்கவிட்டு, மெல்ல இறக்கினார்கள். வெப்பக்காற்றுத் துப்பாக்கியால் ஊத ஊத அந்தத் தாள் தோலாக மாறியது. வளைவுக்கு வளைந்தது, பள்ளத்துக்குப் பணிந்தது. ரப்பர் பட்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளுகிறார்கள். ஒரு குமிழ் இல்லை. என் கையிலும் ஒரு பட்டையைக் கொடுத்தார் அன்வர். பெட்ரோல் மூடி நான் ஒட்டியது. ஒரு குமிழ் இருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை.

வரும் வழியில் பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்திருக்கிறேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டார்.

ஜனவரி 25, சனி

இன்றும் காலையில் கலாமணி வாசற்படியில் நின்று வழி மறித்தாள். "இன்னைக்கு ஒரு நாளாச்சும் பத்து மணி வரைக்கும் இருங்க. உங்களக் கையெடுத்துக் கும்பிடறேன்."

"பத்து மணிக்கு விளக்குச் சட்டம் ஏற்றுகிறார்கள்" என்றேன்.

"ஏத்துங்க. அதும் மேலயே உக்காந்துக்கோங்க."

கறுப்புச் சட்டம், அதன் தலையில் நீள விளக்கு, தொடை உயரம் டயர். ஏறுவதற்கு ஒரு படி தேவைப்படுகிறது. தொட்டியில் அன்வர் ஏறி நின்று குதித்துக் காட்டினார். ஓர் ஆள் ஏறினால் பின்பக்கம் கால் அங்குலம் இறங்குகிறது. ஒரு பழக்கத்தில் அளந்து குறித்துக்கொண்டேன்.

ஜனவரி 28, செவ்வாய்

எதிர்வீட்டு ராமசாமிக்கு நாச்சிமுத்து வீட்டு அழைப்பிதழ் வந்துவிட்டது. எதிர்வீட்டுக்காரருக்கு! தாய்மாமன் வீட்டுக்கு முதல் பத்திரிகை வைத்துவிட்டுத்தான் ஊருக்கு வைக்க வேண்டும். அதுவும் கணவனும் மனைவியும் சேர்ந்து வந்து, தாம்பூலத் தட்டில் வைத்து, இங்கே கணவனும் மனைவியும் சேர்ந்து நின்று வாங்க வேண்டும். இந்த ஊரில் பால் குடிக்கும் பிள்ளைக்கும் இது தெரியும்.

ராமசாமி பத்திரிகையைக் காட்ட வந்தார். எனக்குக் கண்ணாடி இல்லாமல் தெரியாது என்றேன். மூக்கின்மேல் கண்ணாடி இருந்தது.

அவர் அதை மறந்து வைத்துவிட்டுப் போனார். குளியலறையில் வைத்துப் படித்தேன். 'தாய்மாமன்: பேராசிரியர் தெய்வசிகாமணி' என்று அச்சடித்திருக்கிறார்கள். நான் இணைப் பேராசிரியராகத்தான் ஓய்வு பெற்றேன். தகவல் பிழை. பதினோரு முறை படித்தேன்.

ஆனால் நேரில் வந்து அழைக்காத கல்யாணத்துக்கு நான் போவதாக இல்லை. பெயர் அச்சில் இருக்கும், ஆள் இருக்கமாட்டான். மணமேடையில் பெண்ணின் நெற்றியில் தாய்மாமன் பட்டம் கட்டும் நேரம் வரும்போது எல்லோரும் கழுத்தைத் திருப்பித் தேடட்டும்.

வெள்ளித் தகட்டில் பட்டம் செய்ய நகைக்கடையில் சொல்லியிருக்கிறேன். சும்மா, ஒரு முன்னெச்சரிக்கை.

பிப்ரவரி 1, சனி

அன்வர் கடைக்குப் போனேன். இன்று வண்டி தயார். வெயிலில் வெளியே நகர்த்தி நிறுத்தினார். நான் அதை நான்கு முறை சுற்றி வந்தேன். அன்வர் எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்.

அப்போது ஒரு கார் வந்து நின்றது. முதலில் இறங்கியவள் கலாமணி. அடுத்து பூங்கொடி. அடுத்து நேத்ரா. கடைசியாக, இரண்டு கையிலும் தாம்பூலத் தட்டைப் பிடித்துக்கொண்டு, வேட்டி தடுக்க, நாச்சிமுத்து.

"மூணு தடவ வந்துட்டேனுங்க மச்சான்!" இதுதான் ஒன்பது வருடத்துக்குப் பிறகு அவர் என்னிடம் சொன்ன முதல் வாக்கியம். "மூணு தடவையும் உங்க ஊட்டுக் காப்பியக் குடிச்சுப்போட்டு, தட்டத் திருப்பி எடுத்துட்டுப் போயிட்டேன். உங்களுக்கு வெக்காம ஊருக்கு வெக்கக்கூடாதுன்னு இருந்தேன். நாள் நெருங்கிப்போச்சு. வெச்சுட்டேன். நீங்க என்னடான்னா இந்த வண்டியக் கட்டிக்கிட்டு இங்கயே குடித்தனம் பண்றீங்க."

நான் கலாமணியைப் பார்த்தேன்.

"சொன்னா நீங்க பின்வாசல் வழியா ஓடிப்போயிருப்பீங்க" என்றாள். அதை மறுப்பதற்கில்லை.

நாச்சிமுத்து வண்டியைப் பார்த்துவிட்டார். தட்டோடு அப்படியே அதைச் சுற்றத் தொடங்கினார். "ஆத்தாடி! பச்சை."

"ஊதாங்க" என்றாள் அந்தப் பக்கம் நின்ற பூங்கொடி.

"கண்ணு மங்கிப்போச்சா? பச்சை."

"உங்களுக்குத்தான் மங்கிப்போச்சு. இக்கட்டால, என்ற பக்கம் வந்து பாருங்க."

"அப்பா, அது மயில்கழுத்து" என்றாள் நேத்ரா. ஒன்பது வருடத்தில் என் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டாள். "என்னோட முகூர்த்தப் பட்டும் அதே கலர்தான் மாமா. அத்தை போட்டோ அனுப்புனாங்கல்ல, நாந்தான் செலக்ட் பண்ணேன். பானெட்ல சுருக்கம் விழுந்திருக்கான்னு தினம் கேட்டுக்கிட்டே இருந்தேன்."

கலாமணியின் ரசனை பற்றி ஜனவரி பதினேழாம் தேதி எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.

நாச்சிமுத்து தொண்டையைச் செருமினார். "மச்சான், அன்னைக்கு... அந்தக் கோழி..."

"பிராய்லர் இல்லை. நாட்டுக்கோழி ஏற்றிய வண்டி" என்றேன்.

"நாட்டுக்கோழிங்களா? அது தெரியாமப் பேசிப்போட்டேனுங்க."

பூங்கொடி அழுதுகொண்டே சிரித்தாள். "அண்ணா, அன்னைக்கு உன் மீசைல அது ஆடிட்டே இருந்துச்சு. நான் என்ன பண்றது?" இதைச் சொல்லத்தான் ஒன்பது வருடமா என்று கேட்க நினைத்தேன். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தடுத்துப் பார்த்தேன், முடியவில்லை.

பானெட் மேல் அன்வர் ஒரு துண்டை விரித்தார். ("கீறல் விழுகாமப் பாத்துக்கோங்க சாமி.") அங்கே தட்டை வைத்து அவர்கள் எடுத்து நீட்ட, நானும் கலாமணியும் சேர்ந்து நின்று வாங்கிக்கொண்டோம். அன்வருக்கும் பத்திரிகை.

பிப்ரவரி 3, திங்கள்

நகைக்கடையில் பட்டத்தை வாங்கிக்கொண்டு வண்டியை வீட்டுக்கு ஓட்டி வரும்போது போலீசார் இருவர் நிறுத்தினார்கள். ஆவணத்தில் வெள்ளை என்று இருக்கிறது. இடப்பக்கம் நின்றவர் குறிப்பேட்டில் 'பச்சை' என்று எழுதினார். வலப்பக்கம் நின்றவர் "ஊதான்னு எழுதுய்யா" என்றார். பத்து நிமிடம் அவர்களுக்குள் வாக்குவாதம். நான் ஒளியியலின் அடிப்படையிலிருந்து விளக்க ஆரம்பித்தேன். "சார், சார், போதுங்க சார். நிறம் மாத்துனதுக்கு ஆர்டிஓ ஆபீஸ்ல எழுதிக் குடுத்துருங்க. போயிட்டு வாங்க" என்றார்கள். எழுதிக் கொடுக்க வேண்டும்.

பிப்ரவரி 7, வெள்ளி

இருபத்தொரு தாம்பாளம் தேய்த்தேன். நானே.

பிப்ரவரி 9, ஞாயிறு

வண்டியை மூன்று முறை கழுவினேன். கலாமணி, "தோலு உரிஞ்சிரப் போவுது" என்றாள்.

பிப்ரவரி 10, திங்கள்

முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரைக்குள். நாங்கள் ஏழேகாலுக்கே பிள்ளையார் கோயில் முனையில் நின்றோம். இருபத்தொரு தட்டு, மேளம், முன்னால் கலாமணி, பின்னால் கலாமணியின் அண்ணன் குடும்பங்கள். நான் ஸ்டியரிங்கில். காலை வெயில் பக்கவாட்டில் விழுந்தது. தெருவின் இந்தப் பக்கத்தார் பச்சை என்றார்கள், அந்தப் பக்கத்தார் ஊதா என்றார்கள், எல்லோரும் பார்த்தார்கள்.

மண்டப வாசலுக்கு வந்தபோது மேளம் நின்றுவிட்டது. வாசலில் அலங்காரக்காரர்கள் பூ வளைவு ஒன்று நட்டிருந்தார்கள். சாமந்தியும் ரோஜாவும் கட்டி, நடுவில் மணமக்கள் பெயர். இறங்கி அளந்தேன். என் விளக்குச் சட்டம் அதைவிட இரண்டரை அங்குலம் உயரம்.

உயர்த்தச் சொன்னவன் நான்தான். எவ்வளவு உயரம் என்று மூன்று வாரம் கணக்கிட்டவனும் நான்தான். மண்டப வாசலை மட்டும் அளக்கவில்லை.

"தட்டை எல்லாம் இறக்கிக் கையில் கொண்டுபோய்விடலாம்" என்றேன். சொல்லிக்கொண்டே தொட்டிக் கதவைத் திறந்தேன்.

நாச்சிமுத்து பட்டுச் சட்டையில் ஓடி வந்தார். "அதெப்படிங்க? என்ற மச்சான் கொண்டாந்த சீர் வண்டி ரோட்டுல நிக்கறதா? நாளைக்கு நான் உடுமலைல தலகாட்ட முடியுமா? வளைவப் பிரிங்கப்பா!"

"பிரிச்சா மொத்தமும் சாஞ்சிருமுங்க. இப்ப மாப்பிள்ளை வீட்டார் வந்துருவாங்க" என்றார் அலங்காரக்காரர்.

"அன்வரு, அந்த லைட்டக் கழட்டு" என்றார் நாச்சிமுத்து.

"ஸ்பேனர் கடைல இருக்குதுங்களே. கல்யாணத்துக்கு யாருங்க ஸ்பேனர் எடுத்துட்டு வருவாங்க?"

அப்போதுதான் எனக்கு அந்தக் கால் அங்குலம் நினைவு வந்தது. இருபத்தாறு வருடம் கரும்பலகையில் எழுதிய அதே விதி: பாரம் கூடக் கூட வில் இறங்கும். ஓர் ஆளுக்குக் கால் அங்குலம் என்றால் இரண்டரை அங்குலத்துக்குப் பத்துப் பேர். பூ உதிராமல் போக இன்னும் இரண்டு பேர்.

"மாப்பிள்ளை, பன்னிரண்டு பேர் வேண்டும். கனமான ஆட்கள்" என்றேன்.

நாச்சிமுத்து ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு, மைக் இல்லாமலே முந்நூறு பேருக்குக் கேட்கும் குரலில் கத்தினார்: "ஏறுங்கப்பா எல்லாரும்! வத்தலும் தொத்தலும் தள்ளி நில்லுங்க, தொப்பை இருக்கறவங்க முன்னால வாங்க!"

அவருடைய பங்காளிகள் நான்கு பேர் ஏறினார்கள். எதிர்வீட்டு ராமசாமி ஏறினார். அன்வர் ஏறினார். ஆளுக்கு ஒரு தாம்பாளம் மடியில், பலருக்கு இரண்டு. பதினொரு பேர் ஆனபோது இன்னும் கால் அங்குலம் தேவைப்பட்டது. அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை வீட்டு உறவாக ஒரு காரிலிருந்து இறங்கினார் எங்கள் துறைத்தலைவர் சம்பத். நூற்றுப் பத்துக் கிலோ.

"சார், நீங்களா?" என்றார் என்னைப் பார்த்து.

"சம்பத், ஏறு" என்றேன்.

ஏறினார். அரை அங்குலம் இறங்கியது. அவருடைய பங்களிப்பை நான் முதன்முறையாக மனதாரப் பாராட்டினேன். பழத்தட்டை மடியில் வாங்கிக்கொண்டு, "பின் அச்சுக்கு நேரா உக்காரட்டுங்களா சார்?" என்று கேட்டார். சரியான கேள்வி. கல்லூரியில் ஒரு நாளும் இவ்வளவு சரியாகக் கேட்டதில்லை.

மேளம் மறுபடி முழங்க, நடை வேகத்தில் ஓட்டினேன். நாச்சிமுத்து முன்னால் பின்னோக்கி நடந்துகொண்டே இரண்டு கையாலும் வா வா என்றார். வளைவுக்கும் விளக்குக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. ஒரு சாமந்தி இதழ்கூட உதிரவில்லை. தொட்டியில் இருந்த பன்னிரண்டு பேரும், பின்னால் நின்ற அத்தனை பேரும், சமையல்காரர்களும்கூடக் கைதட்டினார்கள். பூங்கொடி ஆரத்தித் தட்டோடு நின்று வண்டிக்கும் எனக்கும் சேர்த்துச் சுற்றினாள். கை வலிக்கும்வரை சுற்றினாள்.

ஒன்பது மணிக்குச் சற்று முன்பு, சடங்கு நடத்தும் அருமைக்காரர் மேடைக்கு அழைத்தார். நேத்ரா மயில்கழுத்துப் பட்டில் உட்கார்ந்திருந்தாள். பட்டத்தை நெற்றியில் வைத்துப் பின்னால் முடிச்சுப் போட வேண்டும். முடிச்சு மூன்றாம் முறைதான் விழுந்தது.

"மாமா, மெதுவாக் கட்டுங்க" என்று கிசுகிசுத்தாள். "அவசரமில்ல. அப்பாவையே காணோம்."

உண்மைதான். பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டியவர் மேடையில் இல்லை. வெளியே ஒரு ஹாரன் விட்டு விட்டுக் கேட்டது. பூங்கொடி என்னைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினாள். ஓடினேன்.

சாவியை நான் வண்டியிலேயே விட்டிருந்தேன்; நாச்சிமுத்து ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்தார். தொட்டியில் சம்பத்தும் ராமசாமியும் மற்ற பத்துப் பேரும் இறங்காமல் அப்படியே இருந்தார்கள், வளைவைத் தாண்ட வேண்டுமே.

"மாப்பிள்ளை, உங்களைத் தேடுகிறார்கள்."

"தெரியுமுங்க மச்சான். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒரே ஒரு சுத்து. ஏறுங்க."

தாலி கட்ட இன்னும் இருபத்திரண்டு நிமிடம் இருந்தது.

ஏறிவிட்டேன்.